ஒரு தாளின் கனம்

சுவிஸ் ராணுவக் கத்தியின் உடலைப் பிணைத்து நிறுத்த ஒரு திருகுகூடக் கிடையாது. சிவப்புக் கைப்பிடிக்குள் கத்தி, கத்தரிக்கோல், ரம்பம், டின் ஓப்பனர் என்று எத்தனை இருந்தாலும், அத்தனையையும் குறுக்கே துளைத்து நிற்பவை சில பித்தளை ஆணிகள்தான். அவற்றின் இரு முனைகளும் அடித்து அகலமாக்கப்பட்டிருக்கும். பட்டறைப் பேச்சில் சொன்னால் ரிவெட். ஒருமுறை அடித்தால் அடித்ததுதான். கழற்றுவதற்கென்று வழி எதுவும் வைக்கப்படவில்லை.

இருந்தும் உலகின் பல மூலைகளில் ஒரு கூட்டம் மேசை விளிம்பில் சின்ன வைஸைப் பூட்டிக்கொண்டு அந்த ரிவெட்டுகளை ராவி எடுக்கிறது. கத்தியைத் தகடு தகடாகப் பிரிக்கிறது. ஒன்றின் ரம்பத்தை எடுத்து இன்னொன்றில் சேர்க்கிறது. வேண்டாத கார்க் திருகை நீக்குகிறது. சிவப்பு பிளாஸ்டிக்குக்குப் பதில் மரமோ டைட்டானியமோ வைக்கிறது. பிறகு புதிய பித்தளை ஆணி அடித்து மூடுகிறது. பணம் மிச்சமாகும் வேலை அல்ல இது. கடையில் கிடைக்கும் கத்தியைவிட இரண்டு மூன்று மடங்கு செலவு பிடிக்கலாம். ஆனால் உலோகவியல், விசையியல், மின்வேதியியல், மரத்தின் இயல்பு ஆகிய அனைத்தையும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரே பொருளில் கைபடக் கற்றுத்தரும் பொழுதுபோக்கு இதைப்போல் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

கதை இபாக்கில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் ஷ்வீட்ஸ் மாநிலத்திலுள்ள அந்தச் சிற்றூரில் கார்ல் எல்ஸ்னர் 1884-இல் கத்திப் பட்டறை ஒன்றைத் திறந்தார். சில ஆண்டுகளில் சுவிஸ் ராணுவம் ஷ்மிட்-ரூபின் என்ற புதிய துப்பாக்கிக்கு மாறியது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்க்ரூடிரைவர் தேவை. டப்பாவில் அடைத்த உணவைத் திறக்க ஓப்பனர் தேவை. இவற்றைக் கத்தியோடு சேர்த்து ஒரே பொருளாக வீரர்களுக்குக் கொடுக்க முடிவானது. முதல் 15,000 கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன. அத்தனை கத்திகளைச் செய்து தரும் வசதி அன்று சுவிட்சர்லாந்தில் யாருக்கும் இல்லை. எல்ஸ்னர் 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி அளிக்கத் தொடங்கினார். கத்தி, குத்தூசி, டின் ஓப்பனர், ஸ்க்ரூடிரைவர் என நான்கே கருவிகள். கைப்பிடி கருமையேற்றிய ஓக் மரம். உறுதியான, கொஞ்சம் முரட்டுத்தனமான கத்தி.

எல்ஸ்னரின் உண்மையான கண்டுபிடிப்பு அடுத்து வந்தது. 1897 ஜூன் 12-இல் அவர் பதிவுசெய்த அதிகாரிகளுக்கான கத்தியில் சின்னக் கத்தியும் கார்க் திருகும் கூடியிருந்தன. ஆறு கருவிகள் இருந்தும் அவற்றுக்கு இரண்டே வில்கள் போதுமானதாக இருந்தன. கைப்பிடியின் வயிற்றுப்பக்கம் மடங்கும் கருவிகளை அழுத்திப் பிடிக்கும் அதே வில், முதுகுப்பக்கம் மடங்கும் கருவிகளையும் பிடித்தது. இன்று நம் கையிலிருக்கும் கத்திகளெல்லாம் அந்த ஏற்பாட்டின் வாரிசுகள். கத்தியை மாற்றிச் செய்ய உட்காரும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதும் அதையே.

கத்தியை மெல்லத் திறந்து பாருங்கள். பாதி வழியில் ஓர் எதிர்ப்பு தெரியும். அதைத் தாண்டியதும் 'டக்' என்று தானாகவே போய் உட்காரும். ஆணியைச் சுற்றிச் சுழலும் கத்தியின் அடிப்பாகம் வட்டமாக இல்லை. மூலைகள் மழுங்கிய சதுரம்போல் இருக்கிறது. சதுரத்தின் தட்டையான பக்கம் வில்லின்மீது படிந்திருக்கும்போது கத்தி நிலையாக நிற்கும். சுழற்றினால் மூலை வந்து வில்லைத் தள்ளும், வில் வளையும், மூலை கடந்ததும் வில் நிமிர்ந்து அடுத்த தட்டைப் பக்கத்தில் படியும். பூட்டு எதுவும் இல்லாமலே கத்தி நிற்பதற்கு இந்த வளைவும் நிமிர்வும் போதும்.

இங்கே கை வைப்பவருக்காக ஒரு கணக்கு காத்திருக்கிறது. பட்டையான வில் ஒன்றின் விறைப்பு, அது வளையும் திசையிலுள்ள கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். கனத்தில் பத்துச் சதவீதம் கூடினால் விறைப்பு முப்பத்து மூன்று சதவீதம் கூடும். வில்லின் விளிம்பைக் கொஞ்சம் மினுக்கலாம் என்று உப்புத்தாளில் தேய்த்தவர், கத்தி தொளதொளத்துப் போனதைக் கண்டு திகைப்பது இதனால்தான். கையால் தேய்த்ததில் போனது மயிரிழை. விறைப்பில் போனது கண்ணுக்கே தெரியும் அளவு.

எதற்காகப் பிரிக்க வேண்டும்? எல்ஸ்னரின் பட்டறையிலிருந்து வளர்ந்த விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் 91 மில்லிமீட்டர் வரிசையில் ஏராளமான வகைகள் உண்டு. 1985-இல் வந்த சுவிஸ்சாம்ப் கத்தியில் 33 பயன்பாடுகள், 64 உதிரிகள், எடை 185 கிராம், செய்து முடிக்க 450-க்கும் மேற்பட்ட படிகள். பைக்குள் போட்டால் கனக்கும். எதிர்முனையில் காம்பாக்ட் என்ற மெலிந்த வகை. கத்தி, கத்தரிக்கோல், பாட்டில் ஓப்பனரும் டின் ஓப்பனரும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு கருவி என்று இரண்டே அடுக்குகளில் முடிந்துவிடும். அதை வைத்திருப்பவருக்கு 'இதில் ஒரு ரம்பம் மட்டும் இருந்தால்...' என்று தோன்றும். கடையில் அப்படி ஒன்று கிடைக்காது. எல்லாம் ஒரே நீளம், ஒரே ஆணித்துளை அமைப்பு என்பதால், வேறொரு கத்தியிலிருந்து ரம்ப அடுக்கை எடுத்து இதில் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் அடுத்து வரும். பலர் அப்படித்தான் இதற்குள் வந்தார்கள்.

சிவப்புப் பக்கத்தகடுகள் அழுத்தத்தில் மாட்டப்பட்டவை. உள்ளே வெளித்தகட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பித்தளைக் குமிழ்கள்மீது அவை பொருந்தி நிற்கின்றன. பல்குத்தி செருகும் இடைவெளி வழியாக மெல்லிய தகடொன்றை நுழைத்து நெம்பினால் கழன்று வரும். பிறகு ஒருபக்க ரிவெட் தலையை அரத்தால் ராவ வேண்டும். தலை தீர்ந்ததும், ஆணியைவிடச் சற்று ஒல்லியான 'பஞ்ச்' கருவியை வைத்துத் தட்டினால் ஆணி மறுபக்கம் வெளியேறும். வில்கள் வளைந்து இறுகி இருப்பதால் கடைசி ஆணி வெளிவரும்போது அடுக்குகள் சட்டென்று நகரும். அடுக்குகளின் வரிசையைப் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து வைப்பது நல்லது. நகத்தால் திறக்கும் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பள்ளத்தைப் பக்கத்துக் கருவி மறைக்கிறதா என்பதையெல்லாம் வடிவமைத்தவர்கள் முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். வரிசையைக் கண்டபடி மாற்றினால், அழகாக முடிந்த கத்தியில் ஒரு கருவியைத் திறக்கவே முடியாமல் போகும்.

பிரித்துப் போட்ட உதிரிகள் பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளி நிறம். ஆனால் ஒரே எஃகு அல்ல. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரே பதம் அல்ல. எஃகின் கடினத்தை அளக்க ராக்வெல் அளவுகோல் இருக்கிறது. கூம்பு வடிவ வைரமுனையைக் குறிப்பிட்ட விசையில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். விக்டோரினாக்ஸ் சொல்லும் கணக்குப்படி கத்திகளுக்கு 56. ரம்பம், கத்தரிக்கோல், அரத்துக்கு 53. ஓப்பனர், ஸ்க்ரூடிரைவர், குத்தூசிக்கு 52. கார்க் திருகுக்கும் வில்களுக்கும் 49.

கடினமாக இருந்தால் நல்லதுதானே, எல்லாவற்றையும் 56-இல் செய்திருக்கலாமே என்று தோன்றும். கடினம் கூடக்கூட எஃகு விட்டுக்கொடுக்கும் குணத்தை இழக்கிறது. கூர் நிற்க வேண்டிய கத்திக்குக் கடினம் வேண்டும். இறுகிய திருகை நெம்பும்போது முறுக்கு வாங்கும் ஸ்க்ரூடிரைவர், முனை உடைவதைவிடக் கொஞ்சம் வளைவது மேல். ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர வேண்டிய வில்லுக்கு இன்னும் குறைந்த பதம். உதிரிகளின் கடின எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் என்னென்ன பாடுபடும் என்று யாரோ உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருப்பது புரிகிறது. எனக்கு இந்தக் கத்தியின் மீது மதிப்பு கூடியதே இந்த எண்களைப் பார்த்த பிறகுதான்.

இந்தப் பதம் எப்படி வருகிறது? கத்தி எஃகில் சுமார் 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் கொஞ்சம் மாலிப்டினமும் உண்டு. அதை 1,040 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றும்போது கார்பன் அணுக்கள் இரும்பின் படிக அமைப்புக்குள் கரைந்து பரவுகின்றன. வேகமாகக் குளிர்வித்தால் அவை வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. நெருக்கப்பட்டு இழுபட்ட அந்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். மிகக் கடினமானது, அப்படியே விட்டால் நொறுங்கக்கூடியது. அதனால் மறுபடி 160 டிகிரியில் இதமாகச் சூடேற்றி உள்ளிறுக்கத்தைத் தணிக்கிறார்கள். நம் கொல்லர்கள் தோய்ச்சல் போட்டுப் பதம் பார்ப்பது என்று சொல்வதும் இதே இரண்டு படிகளைத்தான்.

160 டிகிரி என்ற எண்ணை மாற்றிச் செய்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஓர் ஓப்பனரைத் தேய்த்து வேறு வடிவம் கொடுக்க நினைத்து, சாணைச் சக்கரத்தில் வைத்தால் மெல்லிய விளிம்பு சில நொடிகளில் அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். தாண்டினால் ஆலையில் கொடுத்த பதம் கலையத் தொடங்கும். சாதாரணக் கார்பன் எஃகில் 200 டிகிரியைக் கடந்ததும் வைக்கோல் நிறம் தோன்றி எச்சரிக்கும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் மேற்பரப்பைக் காப்பதால் அந்த நிறம் இன்னும் அதிக வெப்பத்தில்தான் வரும். நிறம் தெரியும்வரை பொறுத்தால் பதம் போய் வெகுநேரமாகியிருக்கும். நீலம் வரும்வரை விட்டால் சேதம் இன்னும் ஆழமானது. 450 டிகிரியைத் தாண்டிய எல்லையில் கார்பன் அருகிலுள்ள குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடாக மாறுவதால், சுற்றுப்புறத்தில் குரோமியம் குறைந்து அந்த இடத்தில் துரு பிடிக்கும். ஆகவே கையுறை போடாமல், வெறும் விரலால் உதிரியைப் பிடித்து, விரல் சுடுவதற்கு முன்பே தண்ணீரில் முக்கி முக்கித் தேய்ப்பதே வழக்கம். சுழலும் சக்கரத்தில் கையுறை சிக்கும் ஆபத்தும் இதனால் இல்லை. பொறுமை உள்ளவர்கள் சக்கரத்தையே விட்டுவிட்டு வைரத் துகள் பதித்த அரத்தால் ராவுகிறார்கள். சாதாரண அரம் 56 கடினமுள்ள எஃகில் எளிதில் பிடிக்காது.

இனி கோக்கும் வேலை. இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கடையில் பித்தளைக் கம்பி என்று கேட்டால் பெரும்பாலும் கடைசல் வேலைக்கான பித்தளையைத் தருவார்கள். சீவல் சுருளாமல் எளிதில் உதிர்வதற்காக அதில் சுமார் 3 சதவீதம் ஈயம் கலந்திருக்கும். லேத்துக்கு அது அருமையான பொருள். சுத்தியலால் அடித்துத் தலை விரிக்கப் போனால் விளிம்பில் வெடிப்பு விடும். ரிவெட்டுக்கு வேண்டியது ஈயம் இல்லாத, தாமிரம் கூடிய பித்தளை. தாமிரம் 70, துத்தநாகம் 30 என்ற கலவை அடிக்கு நன்றாக விரிந்து கொடுக்கும்.

விரிந்து கொடுக்கும் என்றாலும் எல்லையில்லாமல் அல்ல. உலோகம் வளைவதும் விரிவதும் அதன் படிக அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் நடக்கிறது. ஒரு முழு அடுக்கும் ஒரே சமயத்தில் நகர்வதில்லை. அடுக்குக்குள் இருக்கும் கோடு போன்ற குறை ஒன்று ஊர்ந்து செல்ல, அதன் பின்னால் அணுக்கள் ஒரு படி நகர்ந்து அமர்கின்றன. சுத்தியல் அடி ஒவ்வொன்றும் இத்தகைய குறைகளைப் பெருக்குகிறது. பெருகிய குறைகள் ஒன்றின் வழியை ஒன்று மறித்துச் சிக்கிக்கொள்கின்றன. வழுக்க இடமில்லாத உலோகம் கடினமாகிறது. அடிக்க அடிக்கப் பித்தளை இறுகுவது இதனால். இன்னும் அடித்தால் விரிவதற்குப் பதில் பிளக்கும்.

இறுகிய பித்தளையை மறுபடி இளக்க முடியும். இருட்டில் மங்கலான சிவப்பு தெரியுமளவு சூடேற்றினால் பழைய, சிக்கலான படிகங்கள் கலைந்து புதியவை முளைக்கின்றன. அந்தச் சூட்டில் அதைத் தண்ணீரில் போடலாம். பித்தளை இளகியே இருக்கும். எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும், பித்தளையைத் தோய்த்தால் ஒன்றும் ஆகாது என்பது முதல்முறை செய்பவர்களை ஆச்சரியப்படுத்தும். கார்பனைச் சிறைப்படுத்தும் அந்த மாற்றம் பித்தளைக்குள் நடக்க வாய்ப்பே இல்லை, அவ்வளவுதான் காரணம்.

ஆணியை அடுக்குகள் வழியே செலுத்தி, இருபக்கமும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர்வரை வெளியே நிற்கும்படி வெட்ட வேண்டும். கீழ்முனை உறுதியான இரும்புக் கட்டைமேல் இருக்கட்டும். உருண்டைத் தலைச் சுத்தியலில், எடை குறைந்த ஒன்றாக எடுத்து, நடுவில் ஓங்கி அடிக்காமல் ஆணியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்ட வேண்டும். நடுவில் பலமாக அடித்தால் ஆணி துளைக்குள்ளேயே உப்பி, அந்த அடுக்கின் கருவியை இறுக்கிவிடும். விளிம்பில் தட்டினால் தலை மட்டும் காளான்போல் விரியும். கத்தியைத் திருப்பி மறுபக்கம் சில தட்டு. மறுபடி இந்தப் பக்கம் சில தட்டு.

எப்போது நிறுத்துவது? கருவிகள் சுழல வேண்டுமானால் அவற்றுக்கும் பக்கத்துத் தகடுகளுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் கத்தியைத் திறக்க நகம் பிய்ந்துவிடும். கூடினால் திறந்த கத்தி இடவலமாக ஆடும். அந்த இடைவெளியை உறுதிசெய்ய, அடிப்பதற்கு முன்பு ஒவ்வொரு கருவிக்கும் தகட்டுக்கும் நடுவே சின்னத் தாள் துண்டு ஒன்றைச் செருகுகிறார்கள். சாதாரண எழுதும் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். தாளோடு சேர்த்து இறுக அடித்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்து உருவி எடுக்கிறார்கள். தாள் இருந்த இடம்தான் கத்தி அசையும் இடம். சிலருக்குத் தாள் கனம் அதிகமாகப்படும். பட்டுத்தாளுக்கும் சிகரெட் பெட்டியின் உள்தாளுக்கும் போவார்கள். சிலர் தாளே இல்லாமல், ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை கருவிகளைத் திறந்து மூடிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எட்டு அடுக்குள்ள கத்தியில் இந்தச் சிறு இடைவெளிகள் எல்லாம் கூடும் என்பதால் அங்கே தாளின் தேர்வு இன்னும் நுணுக்கமாகிறது.

இங்கே ஒரு தட்டு கூடுதலாகிவிட்டால் மீள வழி குறைவு. ஆணியை மறுபடி ராவி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆலையில் இயந்திரம் ஒரே அழுத்தில் செய்வதைக் கை அத்தனை தட்டுகளாகப் பிரித்துச் செய்கிறது. ஒவ்வொரு தட்டிலும் சுத்தியலின் ஓசை கொஞ்சம் மாறுவதைக் கேட்டு, இறுகிவிட்டதா என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. உலோகம் கடினமாகும்போது சுத்தியல் துள்ளும் விதமே மாறுகிறது. கையும் காதும் பழகுவது அந்த மாற்றத்துக்குத்தான்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கருவிகளுக்கு நடுவிலுள்ள தடுப்புத் தகடுகள் அலுமினியம், ஆணி பித்தளை, கருவிகள் எஃகு. மூன்று வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்புக் காற்றும் வியர்வையும் புகுந்தால் சின்னஞ்சிறு மின்கலம் ஒன்று உருவாகும். அதில் தேய்ந்து போவது எப்போதும் அலுமினியம். ஆணியைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருந்தால் இதுவே நடக்கிறது என்று அர்த்தம். வெந்நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

பக்கத்தகடுகளுக்கு வருவோம். சிவப்புத் தகடு மரக்கூழிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸை வேதிமாற்றம் செய்து உருவாக்கிய பிளாஸ்டிக். தொட்டால் கையோடு ஒட்டும் இதமும் பளபளப்பும் அதன் சிறப்பு. அசிட்டோன் பட்டால் கரையும். அதையே பயன்படுத்தி, கீறல் விழுந்த தகட்டை அசிட்டோன் ஆவியில் காட்டி மேற்பரப்பை மறுபடி வழவழப்பாக்குகிறார்கள். ஒளி ஊடுருவும் தகடுகளைச் சூடான சாய நீரில் ஊறவைத்து விரும்பிய நிறம் ஏற்றுகிறார்கள்.

மரத்துக்கு மாறுபவர்கள் காற்றின் ஈரத்தோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். ஈரத்தை வாங்கும்போது மரம் இழை நீளத்தில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இழைக்குக் குறுக்கே உப்பும். எனவே தகட்டின் நீளம் இழையின் போக்கிலேயே அமையும்படி வெட்டுவார்கள். இன்னும் உறுதி வேண்டுவோர் மரத்தை வெற்றிடத்தில் வைத்து அதன் நுண்துளைகளிலிருந்து காற்றை இழுத்துவிட்டு, பிசினை உள்ளே இறக்கிக் கெட்டியாக்குகிறார்கள். துணி அடுக்குகளைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த மைக்கார்ட்டாவும் கண்ணாடி இழைத் தகடும் கார்பன் இழைத் தகடும் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லாதவை. ஆனால் அவற்றைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் நல்ல முகக்கவசம் போடுவதும் இங்கே விருப்பத்துக்குரியவை அல்ல, கட்டாயம்.

நிறங்களைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. சுவிஸ் வீரர்களின் கத்தி 1961-இல் அலுமினியக் கைப்பிடிக்கு மாறியது. இந்த வகைக் கைப்பிடிகளில் காணப்படும் நிறம் பெயிண்ட் அல்ல. அலுமினியத்தைக் கந்தக அமிலக் கரைசலில் நேர்மின்வாயாக இணைத்து மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேற்பரப்பே ஆக்சைடாக மாறிக் கனக்கத் தொடங்கும். அந்த ஆக்சைடு தட்டையாகப் படிவதில்லை. கோடிக்கணக்கான நுண்ணிய செங்குத்துத் துளைகளோடு தேன்கூட்டைப்போல வளர்கிறது. ஒவ்வொரு துளையின் அகலமும் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே. இப்போது சாயக் கரைசலில் வைத்தால் சாய மூலக்கூறுகள் துளைகளுக்குள் இறங்கி அமரும். பிறகு கொதிக்கும் நீரில் போட்டால் ஆக்சைடு தண்ணீரை ஏற்று உப்பித் துளைகளின் வாயை மூடிவிடும். நிறம் உள்ளே சிக்கிக்கொள்ளும். தேய்த்தாலும் கழுவினாலும் போகாது.

பழைய நிறத்தை நீக்க வேண்டுமானால் காஸ்டிக் சோடாக் கரைசல். ஆக்சைடு கரையும், அதற்கடியிலுள்ள அலுமினியத்தையும் அது தின்னத் தொடங்கும். அப்போது ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டு வெளியேறும், கரைசல் சூடாகும். மூடிய அறையிலோ அடுப்பின் அருகிலோ செய்யக்கூடாத வேலை. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது. நேரம் கூடிவிட்டால் கைப்பிடியில் பொறித்துள்ள சின்னச் சின்னக் கட்டங்களின் விளிம்பு மழுங்கிவிடும் என்பதால் நொடிக்கணக்கில் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

டைட்டானியத் தகட்டிலும் இதேபோல் மின்சாரத்தால் நிறம் வரவைக்கிறார்கள். ஆனால் அங்கே சாயம் ஒரு துளியும் இல்லை. டைட்டானியத்தின்மீது வளரும் ஆக்சைடு ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், ஊடுருவிப் போய் அடியிலிருந்து திரும்பும் ஒளியும் சந்திக்கின்றன. சில நிறங்களில் அவை ஒன்றையொன்று அழிக்கின்றன. சிலவற்றில் கூடி வலுக்கின்றன. மழை பெய்த சாலையில் சிந்திய எண்ணெயில் தெரியும் நிறங்களுக்கும் இதுவே அடிப்படை. படலத்தின் கனத்தை மின்னழுத்தம் தீர்மானிப்பதால், வோல்ட் ஏற ஏற நிறம் மாறும்: பதினைந்து வோல்ட் அளவில் வெண்கலப் பொன், முப்பதை ஒட்டி நீலம், அறுபதை ஒட்டி மஞ்சள், அதற்கு மேல் இளஞ்சிவப்பும் ஊதாவும், தொண்ணூறைத் தாண்டினால் பச்சை. எத்தனை வோல்ட் வைத்தாலும் நல்ல சிவப்பு மட்டும் வராது. சிவப்புக் கைப்பிடியால் உலகப் புகழ்பெற்ற கத்திக்கு டைட்டானியத்தில் அந்தச் சிவப்பைக் கொடுக்க இயற்பியல் இடம் தரவில்லை.

மடக்கும் கருவிகள் எல்லாமே இப்படி ஆணி அடித்து மூடியவை அல்ல. அமெரிக்காவின் டிம் லெதர்மேன், 1975-இல் மனைவியோடு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது பிளேயர் உள்ள மடக்குக் கருவி ஒன்றின் தேவையை உணர்ந்தார். 1983-இல் அது சந்தைக்கு வந்தது. அவர் பெயரிலுள்ள நிறுவனத்தின் இன்றைய கருவிகள் பலவற்றில் நட்சத்திர வடிவப் பள்ளமுள்ள திருகுகள்தான். உரிய ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பிரித்து, மாற்றி, பூட்டிவிடலாம். தொடங்குபவர்களுக்கு அது நல்ல வழி. தவறினால் மறுபடி திருகலாம். எனக்கு என்னவோ பித்தளை ஆணியின் பக்கமே மனம் சாய்கிறது. திரும்பப் பெற முடியாத தட்டு என்பது கையை இன்னும் கவனமாக வைக்கிறது.

பிரித்த கத்திக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் செல்லாது. சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத வெட்டும் விளிம்பு கொண்ட, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைக் காரணம் கேட்காமல் பொதுவெளியில் எடுத்துச் செல்லலாம். அதே கத்தியில் பூட்டு ஒன்றைச் சேர்த்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி உடன் வைத்திருக்க 2008 முதல் தடை. கட்டைவிரலால் திறக்க வசதியாகக் கத்தியில் ஒரு துளை போடுவது பட்டறையில் சின்ன வேலை. வெளியே எடுத்துப் போகும்போது சின்ன விஷயமாக இருக்காது. லண்டனிலும் பெர்லினிலும் இருக்கும் நம்மவர்கள் இதை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எதைப் பிரிக்கலாம் என்பதில் நிதானம் வேண்டும். மரக் கைப்பிடியுள்ள பழைய வீரர் கத்தியோ டெலமோன் நகரில் வெங்கர் நிறுவனம் செய்த பழைய கத்தியோ கையில் கிடைத்தால், அதைத் துடைத்து எண்ணெயிட்டு அப்படியே வையுங்கள். வெங்கரை விக்டோரினாக்ஸ் 2005-இல் வாங்கியது. பிறகு அந்தப் பெயரில் கத்திகள் வருவதும் நின்றுவிட்டது. அதன் பல் வைத்த கத்தரிக்கோலுக்காகப் பலர் பழைய கத்திகளைப் பிரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இனி வராத ஒன்றை, நாளை கோப்பதற்கான உதிரியாகப் பார்ப்பது சரியாகப் படவில்லை. முனை ஒடிந்தது, கைப்பிடி பிளந்தது, கருவி ஒன்று முறிந்தது என்று ஒதுக்கப்பட்ட சாதாரணக் கத்திகள் எவ்வளவோ கிடைக்கின்றன. விமான நிலையங்களில் பிடுங்கி வைத்த கத்திகளைச் சில நாடுகளில் மொத்தமாக ஏலம் விடுகிறார்கள். உதிரிக்கு அவை போதும்.

தொடங்க நினைப்பவர் பக்கத்தகட்டில் தொடங்கலாம். அது கழன்று மறுபடி மாட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்து, ஆணி அடிக்கும் பயிற்சி கத்தியில் வேண்டாம். ஒரே அளவில் துளையிட்ட இரண்டு அலுமினியத் துண்டுகளுக்கு நடுவே மூன்றாவது துண்டு ஒன்றைச் சுழலும்படி கோத்துப் பழகலாம். தாளை வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று என்று செய்து பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விரலுக்கே தெரியும். அது கைவந்த பிறகு இரண்டு அடுக்குக் கத்தி ஒன்றை, எதையும் மாற்றாமல், பிரித்து அப்படியே மறுபடி கோத்துப் பார்க்கலாம். புதிய கருவி சேர்ப்பது, வடிவம் மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. முடித்த கத்தியில் மூட்டுகளுக்கு விடும் எண்ணெய், பழம் நறுக்கும்போது வாய்க்கும் போகும்; மருந்துக் கடையில் கிடைக்கும் வாசனையற்ற கனிம எண்ணெய் பொருத்தமானது. சமையல் எண்ணெய் விட்டால் சில மாதங்களில் பிசுபிசுத்து மூட்டைப் பிடித்துக்கொள்ளும்.